நடைவண்டி தள்ளும் வயது

காலை எட்டு மணி. அடுப்பில் குக்கர். ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று அடுப்படித் தரையில் உட்கார்ந்து வெங்காயக் கூடையைக் கவிழ்த்துவிட்டது. பெரிய வெங்காயம் ஒன்றை எடுத்து எவர்சில்வர் டம்ளருக்குள் திணிக்கப் பார்க்கிறது; போகவில்லை. திருப்பிப் பிடித்து மறுபடி அழுத்துகிறது, அப்போதும் போகவில்லை. சின்ன வெங்காயம் ஒன்று கையில் அகப்படுகிறது. 'டங்' என்று விழுகிறது. டம்ளரைக் கவிழ்த்து, எடுத்து, மறுபடி போடுகிறது. ஏழெட்டு முறை ஆன பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்க்கிறது. "போட்டுட்டியா? இன்னொண்ணு போடு" என்கிறார் அவர், கத்தரிக்காய் நறுக்கியபடியே. குக்கர் விசில் அடிக்கிறது. குழந்தை ஒரு கணம் அப்படியே அசையாமல் இருந்துவிட்டு, "ஊஊ" என்று தானும் ஒரு விசில் விடுகிறது.

பாட்டியிடம் கேட்டால் இதற்குப் பெயர் சேட்டை. வளர்ச்சி உளவியல் படித்தவர் இதே ஐந்து நிமிடத்தில் பருமன் ஒப்பீடு, காரண காரியச் சோதனை, கூட்டுக் கவனம், ஒலிப் போலி என்று நான்கு பாடங்களைக் கண்டுபிடிப்பார். பொம்மைக் கடைக்காரரிடமோ, பெரிய துளையும் சின்னத் துளையும் போட்ட மரப்பெட்டி ஒன்று அழகான அட்டையில் தயாராக இருக்கிறது. வெங்காயமும் டம்ளரும் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது, விலைதான் வேறு.

கேள்வி

ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தையின் வீட்டு விளையாட்டு எதனால் கற்றலாகிறது? விளையாடும் பொருளாலா, பெரியவர் திட்டமிட்டுத் தரும் பயிற்சியாலா, கூட இருக்கும் ஆளாலா? தமிழ்ச் சூழலில் இதற்கு இரண்டு தயார் விடைகள் உலவுகின்றன. 'முதல் ஆயிரம் நாள்களில் மூளை வளர்ந்துவிடும், ஒரு நாளையும் வீணாக்காதே' என்று அச்சுறுத்தி, ஃபிளாஷ் கார்டும் 'ஆக்டிவிட்டி' அட்டவணையும் நீட்டுவது ஒன்று. 'நம் முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, நாம்தான் தொலைத்துவிட்டோம்' என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையின் துண்டு உண்டு. ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

பழைய ஏட்டுக் குழந்தை

முன்னோர் பக்கத்துச் சான்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம். புறநானூற்றின் 188ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி காட்டும் குழந்தை தளர்நடையிட்டு வருகிறது, கையை நீட்டுகிறது, சோற்றைத் தொடுகிறது, வாயில் கவ்வுகிறது, துழாவுகிறது, கடைசியில் நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. குழந்தை ஒரு பொருளை அறிந்துகொள்ளும் வரிசை ஏறத்தாழ இதுதான். பாடிய அரசன் அதைத் துடைத்துச் சுத்தம் செய்ய ஆள் அனுப்பவில்லை. இது வாய்க்காத வாழ்நாளுக்குப் பயனே இல்லை என்கிறான்.

குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தச்சன் செய்துகொடுத்த பொம்மைக் குதிரைத் தேர் வருகிறது. ஏறி ஓட்ட முடியாவிட்டாலும் கையால் இழுத்தே சிறுவர்கள் மகிழ்கிறார்கள் என்பது உவமை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் உருட்டும் மூன்று சக்கரத் தேரை, பெண்கள் கோழியை விரட்ட வீசிய பொற்குழை வழிமறிக்கிறது. ஊரின் செல்வச் செழிப்பைச் சொல்ல வந்த உயர்வு நவிற்சி அது. அதை வைத்து அன்றைய வீடுகளின் கணக்கை எழுத முடியாது. ஆனால் மூன்று சக்கர விளையாட்டு வண்டி ஒன்று கேட்போருக்குப் பழக்கமான பொருளாக இருந்தால்தான் அந்த மிகை எடுபடும்.

பிள்ளைத்தமிழின் சான்று வேறு வகை. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் சேரும். நூலுக்கு நூல் கணக்கு சற்று மாறினாலும், ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டிக் கையூன்றித் தலைதூக்கி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதத்தை ஒட்டியும், கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்தை ஒட்டியும், நடந்து வரச் சொல்லும் வருகை ஓராண்டை ஒட்டியும் அமைகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீட்டில், தனியாக நடக்கத் தொடங்குவதற்கான வயது வரம்பு 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. ஆய்வில் இந்தியக் குழந்தைகளும் இருந்தார்கள். புலவர் ஒரு மாதத்தைச் சொன்னார். அளந்தவர்கள் ஒன்பது மாத அகலம் கொண்ட சாளரத்தைக் காட்டினார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை நடந்துவிட்டதே என்று கலங்கும் பெற்றோருக்கு இரண்டாவது கணக்கே உதவும்.

பிள்ளைத்தமிழ் கடவுளுக்கும் அரசர்க்கும் பாடப்பட்டது. இந்தப் பாடல்கள் எல்லாவற்றிலிருந்தும் உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: குழந்தையை உற்றுப் பார்த்த கண்கள் இங்கே இருந்தன. உழவர் வீட்டிலும் நெசவாளர் வீட்டிலும் குழந்தையோடு விளையாட யாருக்கு நேரம் இருந்தது என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

நடைவண்டியும் வாக்கரும்

பழைய பொருள் ஒன்றை அருகே வைத்துப் பார்க்கலாம். நடைவண்டி என்பது முக்கோணச் சட்டம், மூன்று மரச்சக்கரம், குழந்தையின் மார்பு உயரத்தில் ஒரு குறுக்குக் கட்டை. அவ்வளவுதான். குழந்தை கட்டையைப் பிடித்து எழுந்து தள்ளும். வேகமாகத் தள்ளினால் வண்டி முந்திக்கொண்டு ஓடும், குழந்தை பொத்தென்று விழும். சுவரில் முட்டினால் வண்டிக்குத் திரும்பத் தெரியாது. குழந்தைதான் தூக்கித் திருப்ப வேண்டும், அல்லது யாரையாவது கூப்பிட வேண்டும். உடம்பின் எடையைத் தாங்கும் வேலை முழுக்கக் குழந்தையுடையது.

இன்று கடையில் 'வாக்கர்' என்று கேட்டால் பெரும்பாலும் வேறொன்று வருகிறது: வட்டச் சட்டம், நடுவில் துணி இருக்கை, முன்னால் பாட்டுப் பாடும் பொத்தான்கள். குழந்தை அதில் தொங்கிக்கொண்டு நுனிவிரலால் தரையை உந்துகிறது. சமநிலையைப் பழக வழியில்லை. தன் கால்களையும் பார்க்க முடிவதில்லை. அயர்லாந்தில் 190 குழந்தைகளை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வொன்று, இத்தகைய வாக்கரில் கழித்த ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் தனியாக நடப்பது 3.3 நாள் தள்ளிப்போவதோடு தொடர்பு காட்டியது. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகளின் கணக்கில் ஐயத்துக்கு இடமில்லை. கனடா 2004இல் இதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்தது அதனால்தான்.

நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தாமாக விளையாடுவதைப் பதிவுசெய்து 2012இல் கணக்குச் சொன்னார்கள். சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2368 அடிகள், 17 விழுதல்கள். நடை என்பது யாரும் சொல்லித்தந்து வருவதல்ல, விழுந்து விழுந்து சேர்வது. பெரியவரின் பங்கு தரையைக் காலி செய்து வைப்பதும், விழுந்ததும் பதறி ஓடாமல் இருப்பதும். நடைவண்டி அந்த விழுதல்களைத் தடுப்பதில்லை என்பதே அதன் நன்மை.

பொம்மை எத்தனை?

சொப்புச் சாமான், தலையாட்டி பொம்மை, கிலுகிலுப்பை, பனையோலைக் காற்றாடி. இவை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு வீட்டில் இருந்ததில்லை. திருவிழாவுக்கு ஒன்று வந்தால் அது உடையும்வரை அதுதான். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 18 முதல் 30 மாதக் குழந்தைகள் 36 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. 16 பொம்மைகள் இருந்தபோதைவிட 4 மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், பல வகையாக விளையாடினார்கள். 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோருமாக 26 இணைகளின் வீட்டுப் பேச்சு பதிவுசெய்யப்பட்டது. விளக்கெரிந்து பாட்டுப் பாடும் மின்னணுப் பொம்மை வந்ததும் பெற்றோரின் பேச்சு குறைந்தது. படப் புத்தகத்தோடு அதிகம் பேசினார்கள். பேசும் பொம்மை வீட்டாரின் வாயை அடைத்துவிடுகிறது.

இரண்டுமே சிறிய ஆய்வுகள். அவற்றின் மேல் கோபுரம் கட்ட முடியாது. ஆனாலும் 'அதிகப் பொம்மை, அதிகக் கற்றல்' என்ற விற்பனைப் பேச்சுக்கு இவை துணை நிற்கவில்லை.

வீட்டுப் பொருளே போதும் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. புளியங்கொட்டை, நிலக்கடலை, ரிமோட்டிலிருந்து விழுந்த பட்டன் பேட்டரி ஆகியவை மூன்று வயதுக்குள் தொண்டைக்கோ உணவுக்குழாய்க்கோ ஆபத்து. டம்ளருக்குள் போகும் சின்ன வெங்காயம் குழந்தையின் வாய்க்குள்ளும் போகும். மேலே சொன்ன காட்சியில் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா பார்த்துக்கொண்டும் இருந்தார்.

உள்ளங்கையில் கடையும் பருப்பு

பொருளே தேவைப்படாத விளையாட்டுகளில்தான் கேள்வியின் நடுவிடம் இருக்கிறது. தமிழ் வீடுகளில் பலருக்கும் தெரிந்த ஒன்று: பெரியவர் குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பிடித்து, அதில் தம் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைவதுபோலச் சுழற்றுகிறார். கடைந்ததை விரல் விரலாக மடக்கி வீட்டாருக்குப் பங்கு வைக்கிறார்: அம்மாவுக்கு, அப்பாவுக்கு, அண்ணனுக்கு, தாத்தாவுக்கு. கை கழுவியாகிறது. பிறகு இரண்டு விரல்கள் நண்டாகி மணிக்கட்டிலிருந்து மேலே ஊர்கின்றன. முழங்கை மடிப்பில் ஒரு நிறுத்தம். அக்குளை எட்டியதும் கிச்சுகிச்சு.

கவனிக்க வேண்டியது அந்த நிறுத்தம். முதல் நாள் குழந்தை கிச்சுகிச்சு வந்த பிறகே சிரிக்கும். நாலைந்து நாளில் நண்டு முழங்கையைத் தாண்டும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிடும். அடுத்து வருவதை அது அறிந்திருக்கிறது. நிறுத்தத்தை நீட்டினால் பெரியவர் முகத்தைப் பார்க்கும். "ம்ம்" என்று அவசரப்படுத்தும். உறவுப் பெயர், ஒன்றுக்கு ஒன்று என்ற எண்ணின் தொடக்கம், முறைமாற்றம், எதிர்பார்ப்பு எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகின்றன. இரண்டு வயதில் அது தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துத் தானே கடையத் தொடங்குகிறது. பங்கு வைக்கும்போது நாய்க்கும் ஒரு விரல் மடங்கும்.

முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டை 1970களில் ஆராய்ந்த ஜெரோம் புரூனர், குழந்தை கற்பது ஒளிவதையும் தெரிவதையும் மட்டுமல்ல, விதியை என்று காட்டினார். யார் மூடுவது, எவ்வளவு நேரம், எப்போது திறப்பது என்ற ஒழுங்கு. உரையாடலின் எலும்புக்கூடும் அதுவே. துண்டால் முகத்தை மறைத்து "காணோமே" என்று தேடும் நம் வீட்டு விளையாட்டுக்கும் அது அப்படியே பொருந்தும்.

இதைக் கைப்பேசியில் காட்டினால் என்ன? சியாட்டிலில் பட்ரிசியா கூல் குழுவினர் 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் மாண்டரின் மொழியைக் கேட்கச் செய்தார்கள். நேரில் வந்தவர் பேசிக் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிந்தன. அதே ஆளின் அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் அறியவில்லை. ஆய்வு வெளியானது 2003இல். திரையில் வரும் நண்டு யாருக்காகவும் முழங்கை மடிப்பில் நின்று காத்திருக்காது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்குமேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது.

எத்தனை சொல், யாருடைய சொல்?

'குழந்தையோடு பேசுங்கள்' என்ற அறிவுரைக்குப் பின்னால் ஒரு புகழ்பெற்ற எண் இருக்கிறது: மூன்று கோடி. கான்சஸில் 42 குடும்பங்களுக்கு மாதம் ஒரு மணி நேரம் சென்று பதிவுசெய்த பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் 1995இல் வெளியிட்ட நூல், உயர்தொழில் செய்வோர் வீட்டுக் குழந்தை மணிக்கு 2153 சொற்களும், அரசு உதவியில் வாழும் வீட்டுக் குழந்தை 616 சொற்களும் கேட்பதாகச் சொன்னது. பெருக்கிப் பார்த்து மூன்று கோடி வேறுபாடு என்றார்கள். ஏழை வீடுகளாகக் கணக்கில் வந்தவை ஆறே ஆறு. அவ்வளவு குறைந்த அடித்தளத்தின் மேல் உலகெங்கும் கொள்கைகள் எழுந்தது வியப்புதான்.

2018இல் டக்ளஸ் ஸ்பெரியும் உடனாய்வாளர்களும் ஐந்து சமூகங்களின் பதிவுகளை எண்ணினார்கள். ஒரே பொருளாதாரத் தட்டுக்குள்ளேயே சமூகத்துக்குச் சமூகம் பெரும் வேறுபாடு இருந்தது. அம்மா நேராகக் குழந்தையிடம் சொன்னதை மட்டும் எண்ணாமல், வீட்டில் மற்றவர்கள் பேசியதையும் சேர்த்தபோது எண்கள் வெகுவாக உயர்ந்தன. திண்ணையும் கூடமும் உள்ள வீட்டில் வளர்ந்தவருக்கு இது உடனே விளங்கும். சித்தி, பெரியப்பா, பக்கத்து வீட்டு அக்கா, பால்காரர் என்று குழந்தை நாள் முழுக்கப் பேச்சுக்கு நடுவேதான் இருக்கிறது.

உடனே மகிழ்ந்துவிடவும் முடியாது. 2013இல் அட்ரியானா வைஸ்லெடர், ஆன் ஃபெர்னால்ட் இருவரும் அமெரிக்காவில் ஸ்பானியம் பேசும் 29 எளிய குடும்பங்களை ஆராய்ந்தார்கள். குழந்தையை நோக்கிச் சொல்லப்பட்ட பேச்சு அதன் பிற்காலச் சொல்வளத்தோடு தொடர்பு காட்டியது. காதில் விழுந்த பேச்சு காட்டவில்லை. இரு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால், பேசுபவர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் யாராவது ஒருவர் குழந்தை பக்கம் திரும்ப வேண்டும் என்ற இடத்துக்கு வரலாம். தொலைக்காட்சித் தொடர் ஓடும் கூடத்தில் பத்துப் பேர் இருந்தும் ஒருவரும் திரும்பாத மாலைப்பொழுதுகள் உண்டு.

தமிழ்க் குழந்தையின் பேச்சை இப்படி மாதக்கணக்கில் பதிவுசெய்த முயற்சி ஒன்றை எதிர்பாராத ஒருவர் செய்தார். இந்தியாவின் முதல் கணினிகளில் ஒன்றான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன், பிற்பாடு மொழி கற்றலில் ஈடுபட்டு, ஒரு தமிழ்க் குழந்தை 9 மாதம் முதல் 33 மாதம் வரை பெரியவர்களோடு பேசியதைத் தொகுத்தார். இன்றும் உலகக் குழந்தைமொழித் தரவகத்தில் அது இருக்கிறது. ஒரு குழந்தை. எட்டுக் கோடிக்குக் குறையாத மக்கள் பேசும் மொழிக்கு இது மிகக் குறைவு.

பாடம் நடத்தாத வீடுகள்

எல்லாப் பண்பாட்டிலும் பெற்றோர் குழந்தையோடு விளையாடுகிறார்களா? இல்லை என்றார் மானிடவியலாளர் டேவிட் லான்சி, 2007இல். உலகின் பல சமூகங்களில் விளையாட்டுத் துணை அண்ணன் அக்காமார்தான். தாய் விளையாட்டுத் தோழியாக ஆவது படித்த நடுத்தர வர்க்கத்தின் வழக்கம் என்பது அவர் வாதம்.

பார்பரா ரோகோஃபும் உடனாய்வாளர் மூவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கிட்டத்தில் காட்டுகிறது. குவாத்தமாலாவின் சான் பெட்ரோ, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி, துருக்கியின் கெச்சியோரன், இந்தியப் பழங்குடிக் கிராமமான டோல்-கி-பாட்டி ஆகிய ஒவ்வொன்றிலும் 14 குழந்தைகள், 12 முதல் 24 மாத வயதினர். அமெரிக்க, துருக்கிய நடுத்தரக் குடும்பங்களில் பெரியவர்கள் பெயர் சொல்லி, கேள்வி கேட்டு, பாராட்டிப் பாடம் நடத்தினார்கள். மற்ற இரண்டு ஊர்களில் பெரியவர்கள் தம் வேலையைப் பார்த்தபடியே, குழந்தை கேட்கும்போது கைகொடுத்தார்கள். உற்றுப் பார்த்துக் கற்கும் பொறுப்பு குழந்தையிடம் இருந்தது. சான் பெட்ரோக் குழந்தைகள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நிகழ்வுகளைக் கவனித்தன. சால்ட் லேக் குழந்தைகள் ஒன்றைவிட்டு மற்றொன்றுக்குத் தாவின.

அடுப்படித் தரைக்கு இது நேராக வந்து சேர்கிறது. பூண்டு உரிக்கும் இடத்தில் தோலை ஊதுவது, காய்ந்த துணியை மடிக்கையில் சின்னச் சட்டையை எடுத்துத் தருவது, கோலமிடும் பாட்டிக்குப் பக்கத்தில் பொடியைக் கொட்டி விரலால் இழுப்பது. 'ஆக்டிவிட்டி' என்ற சொல் வராமலே அதன் காரியம் நடக்கிறது. ஒரே ஒரு கூடுதல் செலவு: வேலை இருமடங்கு நேரம் பிடிக்கும்.

கிங்ஸ்டனில் வாரம் ஒரு மணி நேரம்

அப்படியானால் எதுவும் செய்யத் தேவையில்லை, வீடே பள்ளி என்று முடித்துவிடலாமா? ஜமைக்காவின் அனுபவம் அதை மறுக்கிறது. 1986-87இல் சாலி கிரந்தம்-மக்ரிகர் குழுவினர் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற உயரமில்லாத 9 முதல் 24 மாதக் குழந்தைகள் 129 பேரைத் தேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவுக் கலவை. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வருகை. ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு எதுவுமில்லை. பணியாளர் வீட்டிலேயே கிடைக்கும் பொருள்களால் செய்த பொம்மைகளோடு வந்து, தாயும் குழந்தையும் விளையாடத் துணைநின்று, பொம்மையை விட்டுவிட்டுப் போய், அடுத்த வாரம் வேறொன்றோடு மாற்றிக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் இப்படி.

இருபது ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, விளையாட்டுப் பிரிவில் இருந்தவர்களின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2014இல் அது வெளியானது. சத்துணவு மட்டும் பெற்ற பிரிவில் அத்தகைய நீடித்த பலன் தெரியவில்லை. எண்ணிக்கை சிறியது, குழந்தைகள் ஊட்டக்குறைவு உள்ளவர்கள். வசதியான வீட்டுக்கு இதை அப்படியே நீட்டக் கூடாது. ஆனால் வறுமை பெற்றோரின் பொழுதைப் பிடுங்கிக்கொண்ட இடத்தில், 'முன்னோர் அறிவு' தானாக வேலை செய்துவிடாது என்பது தெளிவு.

இதே முறையை ஒடிசாவின் 192 கிராமங்களில் சோதித்த முடிவுகள் 2020இல் வந்தன. வீட்டுக்கு வீடு போவதும், தாய்மாரைக் குழுவாகக் கூட்டி விளையாடச் செய்வதும் குழந்தைகளின் அறிதிறனில் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம் தந்தன. குழுமுறையின் செலவு மிகக் குறைவு.

யாருடைய நேரம்?

இந்திய அரசு 2024இல் வெளியிட்ட 'நவசேதனா' வழிகாட்டி, பிறப்பு முதல் மூன்று வயது வரை வீட்டிலும் அங்கன்வாடியிலும் செய்யத்தக்க 140 விளையாட்டுகளை மாதவாரியாகத் தருகிறது. பெரும்பாலும் கரண்டி, துணி, பாத்திரம் கொண்டு செய்பவை. உள்ளடக்கத்தில் குறை காண்பது கடினம். கேள்வி அதைச் செய்யப்போகும் கைகள் பற்றியது.

2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், நாளுக்கு 140 நிமிடம். ஆண்களில் 21.4 விழுக்காட்டினர், 74 நிமிடம். சமையலும் துவைத்தலும் இதில் சேராது. அவை தனிக் கணக்கு, அங்கே இடைவெளி இன்னும் பெரிது. பெற்றோருக்கு என்று எழுதப்படும் 'ஆக்டிவிட்டி' அட்டவணை எல்லாம், நடைமுறையில், இந்த 140 நிமிடத்துக்குள்தான் போய் விழுகிறது.

அங்கன்வாடியிலும் மூன்று வயது நிரம்பிய பிறகே குழந்தை தினமும் வந்து உட்காருகிறது. அதற்கு முன் அந்த மையத்தோடு அதற்குள்ள உறவு பெரும்பாலும் சத்துமாவுப் பொட்டலமும் எடைத்தராசும் தடுப்பூசி நாளும். ஒடிசாவில் நடந்ததுபோல வாரம் ஒரு பிற்பகல், அதே மையத்தில், ஒரு கூடைப் பொம்மைகளை நடுவில் வைத்துப் பத்துத் தாய்மாரை உட்காரவைக்க, ஒரு பணியாளரின் ஒரு மணி நேரம் போதும். அந்த மணி நேரம் அப்பாக்கள் வேலை முடிந்து வரும் பொழுதாகவும் இருக்கலாம். பருப்புக் கடைய அவர்களுக்கும் முழங்கை இருக்கிறது.